உருகாத வெல்டிங்கிலும் சூடு தன் வேலையைக் காட்டும்

ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் அலுமினியம் உருகுவதில்லை. சுழலும் டூல் உரசிச் சூடாக்கி, மாவு பிசைவதுபோல் இரண்டு பிளேட்டையும் சேர்த்துப் பிசைந்துவிடுகிறது. மேலே உரசும் அகலமான பகுதி ஷோல்டர், பிளேட்டுக்குள் இறங்கும் ஒல்லியான முனை பின் (pin). 1991-இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமான டி.டபிள்யூ.ஐ. கண்டுபிடித்த முறை இது. உருகவில்லை என்பதாலேயே பலமும் குறையாது என்று நம்பிப் பலர் இறங்குகிறார்கள். முதல் தவறு அதுதான்.

6061-டி6 என்ற அலுமினியக் கலவை பிளேட்டின் இழுவிசை வலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து உண்டாகும் மிக நுண்ணிய துகள்கள் தரும் பலம் அது. 160–175 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அவற்றை வளர்த்திருப்பார்கள்; இதற்குப் பெயர் ஏஜிங். டூலுக்கு அடியில் சூடு 400 டிகிரியைத் தாண்டிவிடும். அதை ஒட்டி, 300 டிகிரி வாக்கில் சூடேறும் பட்டையில், அந்தத் துகள்கள் விநாடிக்கணக்கில் பருத்துவிடும். பருத்தால் பிடிப்பு போச்சு.

டென்சைல் டெஸ்டில் இழுத்து உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெல்டு கோடு முழுசாக இருக்கும். ஷோல்டர் தடத்தின் ஓரத்தில், ஒரு விரல் தள்ளி, சாய்வாக அறுந்திருக்கும். “வெல்டு உடையல, பிளேட்தான் உடைஞ்சது” என்று சந்தோஷப்படுவோம். அது சூட்டால் பலம் குறைந்துபோன பிளேட். எவ்வளவு லோடில் உடைந்தது என்று பார்க்காமல், எங்கே உடைந்தது என்று மட்டும் பார்ப்பது பெரிய ஏமாற்றம். 5083-ஓ என்ற வேறொரு கலவை பிளேட்டில் இந்தக் கவலை அவ்வளவு இல்லை; அது ஏஜிங்கால் பலம் பெற்றது அல்ல.

அடுத்தது ஆர்.பி.எம். உள்ளே டனல் மாதிரி ஓட்டை வந்தால் உடனே சுழற்சியைக் கூட்டுவார்கள். ஓட்டை மறையலாம், ஆனால் பலம் குறைந்த பட்டை அகலமாகும், ஓரத்தில் ஃபிளாஷ் என்ற உலோகப் பிசிறு பிதுங்கும். முதலில் ஷோல்டர் சரியாக அழுந்துகிறதா, டூல் சாய்வு ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருக்கிறதா, பிளேட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால், ஓட்டை விழாத அளவுக்கு நகரும் வேகத்தைக் கூட்டுவதுதான் பலத்துக்கு நல்லது. அளவு மீறினால் டூலின் பின் முறிந்துவிடும்.

அடியில் இருக்கும் பேக்கிங் பிளேட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் வருத்தம். காலையில் முதல் பீஸ் போடும்போது அது குளிர்ந்திருக்கும், சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தாவது பீஸில் அதுவே கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். செட்டிங் ஒன்றுதான், வெல்டு வேறு. ஆற விடுங்கள், அல்லது தண்ணீர் ஓடும் பேக்கிங் பிளேட் வையுங்கள்.

மேலே பளபளப்பாக இருப்பதை நம்பவே கூடாது. டூல் பின்னின் நீளம் குறைந்தால் அடிப்பக்கம் ஒட்டியதுபோல் தெரியும், ஒட்டியிருக்காது. அடிப்பக்கம் வெளியே விரியும்படி பெண்ட் டெஸ்ட் செய்தால் மயிரிழைபோல ஒரு கோடு வாய் பிளக்கும்.

அப்புறம், வெல்டு முடிந்தபின் 175 டிகிரியில் ஏஜிங் செய்தால் எல்லாம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. நடுப்பகுதி தேறும், பருத்த துகள்கள் அந்தச் சூட்டில் கரையாது. கரைக்க 530 டிகிரி வேண்டும், அதில் பிளேட் கோணிவிடும். வாங்கும்போதே, சூட்டில் ஏஜிங் செய்யாத டி4 நிலையில் வாங்கி, வெல்டு போட்டுவிட்டு ஏஜிங் செய்வதுதான் நான் சொல்லும் வழி.