மாடி அத்தி: செடி தழைக்கிறது, பிஞ்சு மட்டும் வரவில்லையா?

சென்னை மொட்டை மாடிகளில் சீமை அத்தி வைத்தவர்கள் பலருக்கும் ஒரே குறைதான்: "செடி ஜோரா இருக்கு, காய்தான் இல்லை." ஓட்டையில்லாத தொட்டி, தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விட்டுவிடலாம்.

புண்ணாக்குக் கரைசல்

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. கடலைப் புண்ணாக்கைப் புளிக்க வைத்து வாரம் தவறாமல் ஊற்றுகிறார்கள். அது போதாதென்று மீன் அமிலம், மண்புழு உரம் வேறு. புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) அந்தத் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அத்தி, புதுத் தளிரின் இலைக்கக்கத்தில்தான் பிஞ்சு விடும். தழைச்சத்து மிஞ்சினால் தளிர் நிற்காமல் நீளும், கக்கத்து மொட்டு அப்படியே உறங்கிவிடும். இரண்டு கணுக்களுக்கு நடுவே நான்கு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பளபளக்கும் இலையைப் பார்த்துப் பூரித்து, இன்னொரு சொம்பு ஊற்றுவார்கள்!

கரைசலை மூன்று மாதம் அடியோடு நிறுத்துங்கள். 15 நாளுக்கு ஒருமுறை, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கலந்து ஈர மண்ணில் ஊற்றுங்கள். தளிரில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். அடுப்புச் சாம்பலைக் கை நிறைய அள்ளிப் போடுவது இதற்கு மாற்றாகாது. போர் தண்ணீரே உப்பும் கடினமுமாக வரும் வீடுகளில் சாம்பல் மண்ணின் காரத்தன்மையை மேலும் ஏற்றும், இலை வெளுக்கும்.

நிழல்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் பச்சை வலைக்குக் கீழும் அத்தி காய்க்காது. தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கத்திரி வெயிலில் சூடு தாங்காதது வேர்தான். அதனால் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்கள், செடியை மூடாதீர்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

ஒருநாள் காயவிட்டு மறுநாள் வாளியோடு கவிழ்த்தால் பிஞ்சு கொட்டும், பழுக்கும் காய் வெடிக்கும். மே மாதத்தில் காலை, மாலை இருவேளையும் அளவாக ஊற்றுங்கள்.

கவாத்து

செப்டம்பரில் வெட்டாதீர்கள். அதன்பின் வரும் தளிர் வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். துரு நோய் இலையை உதிர்த்துவிடும். மழை ஓய்ந்து ஜனவரித் தொடக்கத்தில் வெட்டினால் காய் கோடையில் பழுக்கும், இனிப்பும் ஏறும்.

பெரிய டிரம்

அவசரம் வேண்டாம். 12 அங்குலத் தொட்டியில் தொடங்குங்கள்.

குளவி வேண்டுமா?

சில அத்தி ரகங்கள் காய்க்க, மகரந்தச் சேர்க்கை செய்யும் குளவி தேவை. பூனா, பிரவுன் டர்க்கி ரகங்களுக்கு வேண்டாம். விதைக் கன்றைத் தவிர்த்து, பதியன் கன்றாக வாங்குங்கள்.

பறிப்பு

பறித்த அத்தி பிறகு பழுக்காது. காம்பு தளர்ந்து பழம் தலை தொங்கும்வரை விடுங்கள். அணிலுக்கும் மைனாவுக்கும் முந்திக்கொண்டு, நிறம் மாறத் தொடங்கும்போதே ஒவ்வொரு பழத்துக்கும் வலைப்பை கட்டிவிடுங்கள்.