ஐபிஎஸ்சி கைத்துப்பாக்கிப் போட்டி: வேகத்தையும் கருவியையும் மேம்படுத்துதல்

ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) போட்டியில் புள்ளிகளை விநாடிகளால் வகுத்தே மதிப்பிடுவதால், 60 புள்ளிகளை 6 விநாடிகளில் எடுப்பவருக்கு 10 கிடைக்க, அதே சுற்றை 5 விநாடிகளில் முடித்தும் ஒரு குண்டைத் தவறவிட்டவர், 5 புள்ளி இழப்பும் 10 புள்ளி அபராதமும் சேர்ந்து 9-க்கு இறங்கிவிடுகிறார். ஆகவே விசையை அவசரமாக இழுப்பதைவிட, உறையிலிருந்து எடுத்தல், மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) மாற்றுதல், இலக்குகளுக்கிடையே பார்வையை நகர்த்துதல் ஆகியவற்றில் வீணாகும் நேரத்தைக் குறையுங்கள். இவற்றை டைமர் வைத்து வெற்றுத் துப்பாக்கியால் பழகலாம். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கவே கூடாது. விலையுயர்ந்த துப்பாக்கிக்கு முன்பாக, விறைப்பான பெல்ட்டையும் அசையாத உறையையும் வாங்குங்கள். குறி பார்க்கச் சிவப்புப் புள்ளியைக் காட்டும் கருவியான சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி, போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவில் செல்லாது. புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் பிரிவில் செல்லும்.