விசாகா கமிட்டியில் உறுப்பினரானவர் இரு தரப்புக்கும் நியாயமாக நடந்துகொள்வது எப்படி

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடத்திலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. 1997இல் உச்ச நீதிமன்றம் அளித்த விசாகா தீர்ப்பை ஒட்டி அதை இன்றும் பலர் விசாகா கமிட்டி என்றே அழைக்கிறார்கள். அதன் உறுப்பினர்கள் பலர் கணக்குப் பிரிவிலிருந்தோ ஆசிரியர் அறையிலிருந்தோ வந்தவர்கள். முதல் புகார் வந்தவுடனேயே யார் பக்கம் நிற்பது என்று திகைத்துவிடுகிறார்கள். புகார் கொடுத்தவர் அச்சமின்றிப் பேசவும் வேலையைத் தொடரவும் வழி செய்வதே அவருக்குத் துணை நிற்பது. அதற்காக எவரையும் குற்றவாளி என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. முடிவுக்கு வருவது வேறு வேலை. இரு தரப்பு ஆதாரங்களும் மேசைக்கு வந்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

முதல் சந்திப்பில் புகார் கொடுத்தவரைத் தம் போக்கில் முழுவதும் சொல்லவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்பதையும், விவரங்கள் வெளியே போகாமல் காப்பது குழுவின் சட்டப்படியான கடமை என்பதையும் தெளிவாக எடுத்துரையுங்கள். ‘அவரை வேலையை விட்டே அனுப்பிவிடுகிறோம்’ என்ற வாக்குறுதியும் ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லையே’ என்ற வியப்பும் ஒரே அளவுக்குத் தவறானவை. சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் வர வேண்டும் என்றாலும், தகுந்த காரணம் இருந்தால், அதைப் பதிவுசெய்து, இன்னும் 3 மாதங்கள் வரை குழு அவகாசம் தரலாம். தாமதம் ஒன்றையே வைத்துப் பெண்ணின் சொல்லை ஒதுக்கிவிடக் கூடாது என்பதை 1996இல் குர்மித் சிங் என்ற பாலியல் வன்கொடுமை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நடந்தது உடல்மீதான தாக்குதல் என்றால், காவல்துறையில் புகார் அளிக்கும் உரிமை அவருக்கு உண்டென்றும், மருத்துவத் தடயங்கள் விரைவில் அழிந்துவிடும் என்றும் அன்றே சொல்லிவிட வேண்டும். அவர் விரும்பினால் அதற்கு உதவுவது நிர்வாகத்தின் கடமை.

விசாரணை முடியும்வரை, அவர் எழுத்து மூலம் கேட்டால், இருவரில் ஒருவரை இடமாற்றவோ, அவருக்கு 3 மாதங்கள் வரை விடுப்பு அளிக்கவோ, அவருடைய பணி மதிப்பீட்டிலிருந்து எதிர்த்தரப்பினரை விலக்கி வைக்கவோ குழு பரிந்துரைக்கலாம். யாரை மாற்றுவது என்று வரும்போது பெண்ணையே நகர்த்துவது நிர்வாகங்களுக்கு எளிதாக இருக்கிறது. அவர் விருப்பத்தைக் கேட்காமல் அப்படிச் செய்தால் புகார் கொடுத்ததற்கான தண்டனையாகவே அது முடியும். இது தற்காலிக ஏற்பாடு, குற்றம் பற்றிய முடிவன்று என்ற ஒரு வரி ஆணையில் கட்டாயம் இடம்பெறட்டும்.

எதிர்த்தரப்பினரிடம் நடந்துகொள்ளும் முறையில்தான் நல்லெண்ணம் கொண்ட குழுக்களும் சறுக்குகின்றன. புகாரின் நகல் 7 வேலை நாட்களுக்குள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். பதிலளிக்க அவருக்கு 10 வேலை நாட்கள் உண்டு. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் மாணவியர் அளித்த புகார்களை விசாரித்த குழு, அமர்வுகளை அடுத்தடுத்து வேகமாக நடத்தி, அவகாசம் கேட்ட பேராசிரியருக்குப் போதிய வாய்ப்புத் தராமல் அறிக்கையை முடித்தது. அதன்பேரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை மீண்டும் நடத்தும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. புகார் உண்மையா பொய்யா என்பது அங்கே தீர்மானமாகவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மாணவியருக்கு இறுதியான விடை கிடைக்கவில்லை என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. எதிர்த்தரப்புக்குத் தர மறுத்த சில நாட்களின் விலையைப் புகார் கொடுத்தவர்களே சுமக்க நேர்ந்தது.

அதற்காக இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து வாதாடவிட வேண்டும் என்பதில்லை. ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில், மாணவியரின் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டோர் இல்லாத நேரத்தில் பதிவுசெய்தது செல்லும் என்று 1973இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. எதிர்த்தரப்பின் கேள்விகளை எழுத்தில் வாங்கி, இழிவுபடுத்துபவற்றை நீக்கிவிட்டு, தலைவரே கேட்பது நடைமுறையில் நல்ல வழி. சாட்சியங்களின் சாரம் மட்டும் எதிர்த்தரப்பினரிடமிருந்து மறைக்கப்படக் கூடாது.

விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடும் என்பதில் எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்று பார்த்து, அதற்கான காரணங்களை எழுத வேண்டும். நிரூபணமாகாத புகார் வேறு, பொய்ப்புகார் வேறு என்பதில் சட்டம் உறுதியாக இருக்கிறது: கெட்ட நோக்கம் தனியே விசாரித்து நிறுவப்பட்டாலொழிய, ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் பெண்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. நிரூபணமாகவில்லை என்று முடிவானால், எதிர்த்தரப்பினரின் பணிப் பதிவேட்டில் களங்கம் ஏதும் ஏறாமலும், புகார் கொடுத்தவர் பழிவாங்கப்படாமலும் பார்த்துக்கொள்ளும்படி அறிக்கையிலேயே எழுதுங்கள். விசாரணை முடிந்த 10 நாட்களுக்குள் அறிக்கையின் நகலை இருவருக்கும் அளித்து, முடிவை ஏற்காதவர் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.