மூன்று மின்னஞ்சல் முகவரிக்கு ஒரே கட்டணம்

கடைப் பெயரில் டொமைன், அதாவது இணைய முகவரிப் பெயர், வாங்கியதும் விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, விசாரணைக்கு ஒன்று என்று தனித்தனி மெயில்பாக்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற முகவரிகளை அதற்கே அலியாஸாக, அதாவது மாற்று முகவரியாக, சேர்த்துவிடுங்கள். நிறுவனங்களுக்கான கூகுளின் கட்டணச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றுதான், முகவரிக்கு அல்ல. ஓர் ஆளுக்கு 30 அலியாஸ் வரை கூடுதல் காசில்லாமல் வைத்துக்கொள்ளலாம். அலியாஸ் வெறும் பெயர்தான், எல்லாக் கடிதமும் ஒரே பெட்டியில் வந்து விழும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாளாகப் பூமாலைக் கடை நடத்துபவருக்கு இது தாராளம், மாதாமாதம் ரிங்கிட் மிச்சம்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஜிமெயில் அமைப்புகளில், எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்ற பகுதியில் அலியாஸையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குக்கான முகவரிக்கு வந்த இன்வாய்ஸ் கேள்விக்கு உங்கள் சொந்தப் பெயர் முகவரியிலிருந்து பதில் போகும், வாடிக்கையாளர் குழம்புவார்.

கணக்கு பார்க்க வேறொருவர் இருந்தால் இது சரிவராது. அலியாஸுக்குத் தனிக் கடவுச்சொல் கிடையாது. உங்களுடையதைக் கொடுத்தால் எல்லாக் கடிதமும் அவர் கண்ணில் படும். அவருக்குத் தனி மெயில்பாக்ஸே வாங்கிவிடுங்கள்.