போக்சோ வழக்கு விகிதம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, தாலுகா வாரியாகப் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகளை எக்செல்லில் போட்டுக் கொண்டுவந்தாள். வழக்கு கூடின தாலுகாவுக்குச் சிவப்பு, குறைந்ததற்குப் பச்சை. பத்து வருடம் முன்பு நான் போட்ட அதே அட்டவணை, அதே நிறங்கள். கூட்டல் பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் மேலே போய்விடுகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எதால் வகுக்கிறீர்கள்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை குற்றம் என்று விகிதம் தருகிறது. அதே கணக்கை மாவட்டத்துக்குப் போட உட்காருபவர்கள், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'குழந்தைகள்' என்றிருக்கும் எண்ணை எடுத்து வகுத்துவிடுகிறார்கள். அது 0–6 வயதுக் கணக்கு. தமிழ்நாட்டில் அது சுமார் 74 லட்சம். போக்சோவிலோ 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள். அவர்கள் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தப்பான எண்ணால் வகுத்தால் விகிதம் அந்த அளவுக்கு ஊதிவிடும்.

எல்லை

2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, நெல்லையிலிருந்து தென்காசி. பிரிவதற்கு முந்தைய வேலூரையும் பிந்தைய வேலூரையும் ஒப்பிடாதீர்கள்.

சின்ன எண்ணில் சதவீதம்

வேண்டாம். 2 வழக்கு 4 ஆனால் 2, 4 என்றே எழுதுங்கள்.

வழக்கு கூடினால் கொடுமை கூடிவிட்டது என்று எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, செய்தது நானே என்பதால்.

பத்து வருடம் முன்பு, ஓர் ஆய்வுக் கூட்டத்தில் என் அட்டவணையைத் திரையில் காட்டினார்கள். ஒரு தாலுகா மட்டும் ரத்தச் சிவப்பு. "அங்கே என்ன நடக்குது?" என்று மேலிருந்து கேள்வி வந்தது. அந்தத் தாலுகா அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் எழுந்தார். கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, வந்த புகாரை வாங்கினது எங்க தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறகு நேரில் போய்ப் பார்த்தேன். அந்தத் தாலுகா பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனம் வருடம் முழுக்க நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி வகுப்பு எடுத்திருந்தது. வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் டீச்சரிடம் தனியாக வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், 18 நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் தவறாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார். போக்சோ 19ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. பக்கத்துத் தாலுகாவில் இவை எதுவும் நடக்கவில்லை. அதற்கு நான் பச்சை அடித்திருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. சிவப்புத் தாலுகா வழக்குகளில் கணிசமானவை 16, 17 வயதுப் பெண்ணும் அவளைவிட ஓரிரு வயது மூத்த பையனும் வீட்டை விட்டுப் போனவை. இப்படிப்பட்ட வழக்குகளைப் பற்றி 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே கவலையோடு பேசியிருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையை மாமா முறைக்காரன் சீரழித்த வழக்கும் இதுவும் என் அட்டவணையில் ஒரே கட்டத்தில் ஒன்று, ஒன்று என்று உட்கார்ந்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய நஷ்டம். அடுத்த வருடம் அந்தத் தாலுகாவின் எண் இறங்கியது. எல்லோருக்கும் திருப்தி. ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாளாம். வழக்கு பதியாமல், மனு வாங்கியதற்கான ரசீதை மட்டும் கையில் கொடுத்து, "பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்குங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் பிள்ளை, மடித்த ரசீதைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தில் என் அட்டவணைக்கும் பங்கு உண்டு.

இப்போது வழக்கு எண்ணிக்கையைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. முதல் தகவல் யாரிடமிருந்து வந்தது (பிள்ளை, பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் உதவி எண் 1098), பாதிக்கப்பட்டவரின் வயது, சம்பவத்துக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் இடையில் எத்தனை நாள் என்ற மூன்றையும் பக்கத்தில் வைக்கிறேன். ஒரு வருடமாகப் பள்ளியிலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஒரு தகவல்கூட வராத தாலுகாவைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

காவல்துறை எண்ணையும் குழந்தைகள் நலக் குழு எண்ணையும் கூட்டுவது

கூட்டாதீர்கள். போக்சோ தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கிற இந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு பதிவேட்டிலும் இருப்பாள். அதே சமயம், கவனிப்பாரில்லாமல் விடப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் குழுவின் பதிவேட்டில் மட்டுமே இருப்பார்கள். குற்றப் புள்ளிவிவரத்தில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

தங்கை நிறங்களை எடுத்துவிட்டாள். அவள் பச்சை அடித்திருந்த இரண்டு தாலுகாக்களின் சுகாதார நிலையங்களுக்கு இன்று காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.