லேவியரில் யாருக்கு என்ன வேலை: பாடம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதபாட வகுப்பில் புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்களின் குறிப்புகளை முன்னாலேயே வாங்கிப் பார்த்துத் தருவது கொஞ்ச காலமாக என் தலையில் விழுந்திருக்கிறது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வைத்திருந்த ஆசரிப்புக்கூடாரத்தில், பிறகு வந்த எருசலேம் ஆலயத்தில் யாருக்கு என்ன பணி என்ற பாடம் வந்தால் போதும், எல்லார் குறிப்பும் அதே இடங்களில் சறுக்கும். நாங்கள் எல்லாரும் சறுக்கிய இடங்கள்தான் என்பதால் பெரிதாகக் கோபம் வருவதில்லை, ஒன்றைத் தவிர. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆரோன் வம்சத்தார் மட்டும்தான் ஆசாரியர், மற்ற லேவியர் அவர்களுக்கு உதவியாளர் என்பது போன்ற அரிச்சுவடியை இங்கே எழுதப்போவதில்லை. அதில் சந்தேகம் இருந்தால் எண்ணாகமம் 3, 4, 18 அதிகாரங்களை உட்கார்ந்து வாசித்துவிட்டு வாருங்கள்.

கூடாரத்தையும் ஆலயத்தையும் ஒரே அட்டவணையில் அடைப்பது

எண்ணாகமத்தில் இருப்பது அடிப்படையில் சுமை தூக்கும் பட்டியல். ஜனங்கள் வனாந்தரத்தில் நகர்ந்துகொண்டே இருந்தார்கள், கூடாரத்தைப் பிரித்துத் தூக்கி மறுபடி நிறுத்த வேண்டும். லேவியின் மூன்று குமாரர் வழி வந்த மூன்று வீட்டாருக்கும் சுமை பிரித்தார்கள்: திரைகளும் மூடுதிரைகளும் கெர்சோன் வீட்டாருக்கு, பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள் மெராரி வீட்டாருக்கு, உடன்படிக்கைப் பெட்டி, மேசை, குத்துவிளக்கு, பீடங்கள் கோகாத் வீட்டாருக்கு. முதல் நாளாகமம் 23 முதல் 26 வரை பார்த்தால் காலமே வேறு. ஆலயம் ஒரே இடத்தில் நிற்கப்போகிறது, இனி லேவியர் எதையும் சுமக்க வேண்டியதில்லை என்று தாவீதே சொல்கிறார். அதனால்தான் அங்கே 38,000 லேவியரில் 24,000 பேர் ஆலய வேலைக்கு, 6,000 பேர் அதிகாரிகளும் நியாயாதிபதிகளுமாக, 4,000 பேர் வாசல் காவலுக்கு, 4,000 பேர் கீதவாத்தியத்துக்கு என்று புதுப் பங்கீடு.

இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் “பாடகர்கள் எந்த வீட்டார்?” என்று யாராவது கேட்டதும் அட்டவணை விழுந்துவிடும். தாவீது காலத்துப் பாடகர் தலைவர்களில் ஏமான் கோகாத் வழி, ஆசாப் கெர்சோன் வழி, ஏத்தான் மெராரி வழி, அதாவது மூன்று வீட்டிலிருந்தும் ஆள் இருக்கிறார்கள். வயதுக் கணக்கும் இப்படித்தான். எண்ணாகமம் 4இல் 30 முதல் 50 வரை, 8இல் 25 முதல், நாளாகமத்திலும் எஸ்றாவிலும் 20 முதல். 25இல் பயிற்சி தொடங்கி 30இல் பணிக்கு வந்தார்கள் என்பது பழைய யூத ரபீக்களின் விளக்கம். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் வசனமே அப்படிச் சொல்வதுபோல் சொல்லாதீர்கள்.

வண்டிக் கணக்கைத் தாண்டிப்போவது

எண்ணாகமம் 7ஐ யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை, சலிப்பான பட்டியல் என்று. பிரபுக்கள் 6 வண்டியும் 12 மாடும் கொண்டுவருகிறார்கள். கெர்சோனுக்கு 2 வண்டி 4 மாடு, மெராரிக்கு 4 வண்டி 8 மாடு, கோகாத்துக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் சுமப்பதைத் தோளில்தான் சுமக்க வேண்டும், அதையும் ஆரோனும் அவன் குமாரரும் மூடிக் கொடுத்த பிறகுதான் கிட்டே போகலாம். இதை விட்டுவிட்டு நேரே, தாவீது காலத்தில் வண்டியில் போன பெட்டியைப் பிடித்துச் செத்த ஊசாவின் கதைக்குப் போகிறவர்கள் “தொட்டான், செத்தான்” என்று முடித்துவிடுகிறார்கள், வகுப்பில் பிள்ளைகள் “பாவம், விழாமல் பிடிக்கத்தானே போனான்” என்று கேட்டால் பதில் இருக்காது. ஊசா கையை நீட்டுவதற்கு முன்னாலேயே, பெட்டியைப் புது வண்டியில் ஏற்றியபோதே, முறை தவறிவிட்டது. முதல் நாளாகமம் 15இல் தாவீது இதை ஒத்துக்கொண்டு லேவியரைக் கூப்பிட்டுச் சொல்கிறார், அப்புறம்தான் தண்டுகளைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

அபியாவின் வகுப்பை வைத்துக் கிறிஸ்துமஸ் தேதி கண்டுபிடிப்பது

இதுதான் அந்த ஒன்று. டிசம்பர் நெருங்கினால் யாராவது ஒருவர் கையில் ஒரு அட்டவணையோடு வந்துவிடுவார். கணக்கு இப்படிப் போகும்: ஆசாரியர்கள் 24 வகுப்பு (முறைவைத்துப் பணிசெய்யும் பிரிவு), எலெயாசார் வழியில் 16, இத்தாமார் வழியில் 8, சீட்டுப்போட்டு வரிசை பிரித்தார்கள், ஒவ்வொரு வகுப்பும் ஓய்வுநாளுக்கு ஓய்வுநாள் மாறும், அபியா எட்டாவது. யோவான் ஸ்நானனின் தகப்பன் சகரியா அபியாவின் வகுப்பு. ஆகவே நிசான் (மார்ச்-ஏப்ரல்) மாதத்திலிருந்து எட்டு வாரம் எண்ணு, பஸ்காவுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இரண்டு வாரம் கூட்டு, எலிசபெத் கர்ப்பமானாள், ஆறாம் மாதத்தில் மரியாளிடம் தூதன் வந்தான், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் செப்டம்பர், கூடாரப்பண்டிகை. ஆஹா!

ஒரு சபையில் இதைப் பெரிய பேனராக அடித்து வாசலில் கட்டியிருந்தார்கள், அதற்குப் பக்கத்துப் பேனரில் டிசம்பர் 25 ஆராதனை நேரம். இன்னொரு இடத்தில் ஒரு தம்பி மாதக்கணக்கில் உழைத்து, கலர் கலராகக் கட்டம் போட்டு, திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் அக்கா ஒருவர் எழுந்து, “ஏன் தம்பி, 24 வாரத்தில் ஒரு சுற்று முடிந்தால் வருஷத்துக்கு இரண்டு தடவை வருமே, நீங்கள் முதல் தடவையைத்தான் எடுத்திருக்கிறீர்கள், ஏன்?” என்றார். தம்பியிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் லூக்கா அதைச் சொல்லவில்லை.

அக்கா கேட்டது முதல் ஓட்டைதான். இரண்டு சுற்று 48 வாரம், சந்திர வருஷமோ 50 வாரத்துக்கும் கொஞ்சம் அதிகம், சில வருஷங்களில் ஒரு மாதம் கூடுதலாகவும் வரும். மிச்ச வாரங்கள் எங்கே போயின? மூன்று பெரிய பண்டிகைகளில் 24 வகுப்பும் சேர்ந்து பணிசெய்தார்கள் என்பது யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது, ஆனால் சுற்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் தொடங்கியதா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததா, தொடங்கியது என்றால் நிசானிலா திஷ்ரியிலா (செப்டம்பர்-அக்டோபர்) என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. திஷ்ரி என்று எடுத்தால் உங்கள் அழகான செப்டம்பர் காலி. சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் வகுப்புகளின் சுழற்சி எழுதப்பட்டிருக்கிறது, உண்மைதான், பிரமாதமான கணக்கு அது: வருஷம் 364 நாள், சரியாக 52 வாரம், ஆறு வருஷத்தில் 312 வாரம், ஒவ்வொரு வகுப்பும் 13 தடவை. ஆனால் எருசலேம் ஆலயம் ஓடியது சந்திர நாட்காட்டியில்.

அடுத்து, தாவீது காலத்து வரிசை அப்படியே ஏரோது காலம்வரை ஓடியது என்று யார் சொன்னது? நடுவில் ஆலயமே இடிந்தது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் எஸ்றா 2 சொல்லும் ஆசாரியக் குடும்பங்கள் நான்கே: யெதாயா, இம்மேர், பஸ்கூர், ஆரீம், மொத்தம் 4,289 பேர். அபியா அதில் இல்லை, நெகேமியா 12இல்தான் வருகிறார். வந்த நான்கையே மறுபடி 24 ஆகப் பிரித்தார்கள் என்று பழைய யூத மரபு சொல்கிறது. வகுப்பின் பெயர் பழையது, உள்ளே இருந்த ஆட்கள் யார் வீட்டுப் பிள்ளைகளோ.

கி.பி. 70இல் ஆலயம் விழுந்த அன்று யோயாரீப் வகுப்பு பணியில் இருந்தது, அதிலிருந்து பின்னோக்கி எண்ணலாம் என்பார்கள். அதே மரபு முதல் ஆலயம் விழுந்த நாளிலும் அதே வகுப்புதான் இருந்தது என்கிறது. இதன்மேல் எழுபது சொச்சம் வருஷத்தை ஏற்றி எண்ணுவதற்கு ரொம்பத் தைரியம் வேண்டும்.

டிசம்பர் கட்சிக்காரர்களும் சிரிக்க வேண்டாம். 4ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம் சகரியாவைப் பிரதான ஆசாரியனாக்கி, பாவநிவிர்த்தி நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்பி, அங்கிருந்து டிசம்பருக்கு வந்தார். லூக்கா சொல்வது சாதாரண ஆசாரியன், சீட்டில் வந்த தூபப் பணி. பிரதான ஆசாரியன் சீட்டுப்போட்டா உள்ளே போவான்?

எனக்கு எரிச்சல் தேதி தப்பாகிறது என்பதால் இல்லை. தூபத்துக்கான சீட்டில் அதுவரை தூபங்காட்டியிராதவர்களைத்தான் முன்னால் அழைப்பார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. வயது முதிர்ந்த சகரியா காலமெல்லாம் காத்திருந்து கிடைத்த நாள் அது. அந்த நாளில் உள்ளே போனவர் வெளியே வரும்போது பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரு மணிநேர வகுப்பில் இதற்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்காமல் வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

கோராகைப் பதவி இல்லாதவனாகக் காட்டுவது

மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராகக் கலகம் செய்த கோராகு கோகாத் வீட்டான், பெட்டியைச் சுமக்கும் வீடு. அவன் சந்ததியார் பிற்பாடு வாசல்காவலராகவும் பாடகராகவும் இருந்தார்கள், அதையும் சொல்லுங்கள்.

22,000ஐக் கூட்டிப் பார்ப்பது

எண்ணாகமம் 3 லேவிய ஆண்கள் மொத்தம் 22,000 என்கிறது. ஆனால் கெர்சோன் 7,500, கோகாத் 8,600, மெராரி 6,200 கூட்டினால் 22,300 வரும். சில கிரேக்கப் பிரதிகளில் கோகாத்தின் எண்ணிக்கை 8,300. அவ்வளவுதான், மேலே போங்கள்.

நிதனீமியரை மறப்பது

பாபிலோனிலிருந்து செருபாபேலோடு திரும்பி வந்த லேவியர் 74, ஆலய வேலைக்காரரான நிதனீமியரும் சாலொமோனின் வேலையாட்களின் புத்திரரும் 392. வேலையை யார் செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சீட்டு என்றாலே மர்மம் என்று நினைப்பது

தினசரி வேலைக்குச் சீட்டு வந்த கதையை மிஷ்னா ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. காலையில் பலிபீடத்துச் சாம்பலை அள்ளும் வேலைக்கு முதலில் சீட்டு இல்லை. விருப்பமுள்ள ஆசாரியர்கள் பீடத்தின் சரிவுப்பாதையில் ஓடுவார்கள், முந்துகிறவனுக்கு வேலை. ஒருநாள் இரண்டு பேர் சரிசமமாக ஓடி, ஒருவன் மற்றவனைத் தள்ளிவிட, விழுந்தவன் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் நீதிமன்றத்தார் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். சீட்டு என்றால் காகிதச் சுருளும் இல்லை: எல்லாரும் வட்டமாக நின்று விரலை நீட்ட வேண்டும், மேற்பார்வையாளன் ஒரு எண் சொல்லி எண்ணிக்கொண்டே வருவான், எண்ணிக்கை யாரிடம் முடிகிறதோ அவனுக்குப் பணி. ஒரு விரலோ இரண்டு விரலோ நீட்டலாம், கட்டைவிரல் கூடாது. ஏமாற்றுகிறவர்கள் இருந்தார்களாம்.