வகுப்பறையில் எந்த மொழி என்ன வேலை செய்கிறது? முதல் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ஒரு செய்முறை

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுங்கள் என்றதும் நம் மொரிசியஸ் மாணவர்களில் பலர் 'மாணவர்களின் மொழி மனப்பான்மை' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஐம்பது பேருக்கு ஒரு கூகுள் ஃபார்ம், அதிலிருந்து நாலு வட்ட வரைபடம், ஆய்வு முடிந்தது. இது தவறான ஆய்வு இல்லை. ஆனால் இந்தத் தீவில் இருந்துகொண்டு இதோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். வீட்டில் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, தேர்வுத்தாளில் ஆங்கிலம், கோயிலிலும் தமிழ் வகுப்பிலும் தமிழ் என்று ஒரே மாணவி ஒரே நாளில் நான்கு மொழிகளுக்குள் போய் வருகிறாள். உயர்கல்வியில் மொழி பற்றிப் படிப்பவர்களுக்கு இதைவிட வளமான களம் எளிதில் கிடைக்காது. காதைத் தீட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தாலே தரவு கொட்டும்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிப்பவரானாலும் சரி, ரெடுயியில் மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியலோ கணிதமோ படிப்பவரானாலும் சரி, இந்த முறை பொருந்தும். மொழியியல் படித்திருக்க வேண்டும் என்றில்லை.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

'உயர்கல்வியில் பயிற்றுமொழிச் சிக்கல்கள்' என்பது ஒரு வாழ்நாள் வேலை. இளங்கலை ஆய்வேட்டுக்கு ஒரு பாடம், ஓர் ஆசிரியர், மூன்று நான்கு வகுப்புகள் போதும். கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த வகுப்பில் ஆசிரியர் எப்போது ஆங்கிலத்திலிருந்து கிரியோலுக்கு மாறுகிறார்? மாறியதும் என்ன செய்கிறார்?

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 'எப்போது', 'என்ன' என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு 'ஏன்' தானாக வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. 'எத்தனை முறை மொழியைக் கலந்தார்' என்று பிழை எண்ணுவதுபோல் கணக்கெடுக்கப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவதுதான் ஒழுங்கு, மற்றதெல்லாம் வழுக்கல் என்ற முடிவை ஆய்வு தொடங்கும் முன்பே எடுத்துவிட்டதாக ஆகிவிடும். ஒவ்வொரு மொழியும் வகுப்பில் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

படி 2: முன்னாய்வுகள், ஆனால் அளவோடு

முன்னாய்வு என்றால் நாற்பது கட்டுரைகளை அடுக்குவது இல்லை. உங்கள் கேள்விக்கு உதவும் ஐந்தாறு கட்டுரைகளை ஊன்றிப் படித்தால் போதும். கூகுள் ஸ்காலரில் பாருங்கள், பல்கலைக்கழக நூலகரிடமும் கேளுங்கள். தொடங்குவதற்குச் சில வாசல்களைக் காட்டுகிறேன்.

சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்துத் தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தபோது மாணவர்களின் பாடப்புத்தக ஓரங்களையே அவர் தரவாக எடுத்தார். வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தவை, அந்தப் பாடத்தைப் பற்றி அவர்கள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதைக் காட்டின. ஒலிப்பதிவுக் கருவிகூட இல்லாமல் ஆய்வு செய்யலாம் என்பதற்கு நம் மொழிக்காரர் ஒருவரே வழிகாட்டியிருக்கிறார்.

தமிழ் படிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சங்கப் பாடல் நடத்தும் வகுப்பில் பக்கத்து மாணவரின் நகலை, அவர் அனுமதியோடு, வாங்கிப் பாருங்கள். குறிஞ்சி என்ற சொல்லுக்கு மேல் பென்சிலில் 'மொந்தாஞ்' என்றும், நெய்தலுக்கு மேல் 'லாமேர்' என்றும் கிரியோலில் இருக்கலாம். அதே பக்கத்தில் வினையெச்சத்துக்கு மேல் 'வெர்பல் பார்ட்டிசிப்பிள்' என்று ஆங்கிலம் இருக்கலாம். மலையும் கடலும் ஒரு மொழியில், இலக்கணம் வேறொரு மொழியில். இது ஒரே மாணவரின் பழக்கமா, வகுப்பு முழுக்க அப்படித்தானா? பத்து நகல்களை வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாலே நல்லதொரு ஆய்வேடு ஆகும்.

அப்புறம் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை. இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் பேட்டி கண்டார்கள். மாணவர் எழுத்தில் கட்டமைப்பு வேண்டும், வாதம் வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் ஒன்றுபோலவே சொன்னார்கள். ஆனால் அது என்ன என்பது துறைக்குத் துறை மாறியது. அதை விளக்கிச் சொல்லவும் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. ஆங்கிலம் நன்றாக வந்தும் ஏன் மதிப்பெண் வரவில்லை என்று தவிக்கும் மாணவரைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு இது கட்டாயப் பாடம்.

மூன்றாவது, மேரி பட் ரோ. ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று 1970களில் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளில் அளந்தவர். சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதில் வராத கேள்விகள் குறைந்தன. பள்ளிக்காகச் செய்த ஆய்வுதான். ஆனால் நம் பல்கலைக்கழக வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குப் பின் எத்தனை நொடி, கிரியோலில் கேட்ட கேள்விக்குப் பின் எத்தனை நொடி என்று அளந்து பாருங்கள். ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும்.

சட்டப் பின்னணிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகளில், அதாவது மூன்றாம் வகுப்புவரை, பிள்ளைகளுக்குப் பொருத்தமான மொழியில் கற்பிக்க இடம் தந்து, நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியது. 2012இல் கிரியோல் தொடக்கப்பள்ளியில் விருப்பப் பாடமானது. 1965இல் தொடங்கிய மொரிசியஸ் பல்கலைக்கழகத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலம்தான். ஏட்டில் உள்ளது இது. வகுப்பில் நடப்பதை நீங்கள் போய்ப் பார்க்கப் போகிறீர்கள்.

படி 3: அனுமதி

இதில்தான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். நெறியாளரிடம் பேசி, துறையின் ஆய்வு நெறிக்குழுவுக்கு விண்ணப்பம் போட்டு, பதில் வந்த பிறகே வகுப்பின் ஒலிப்பதிவைத் தொடங்க வேண்டும். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆளை அடையாளம் காட்டும் குரலும் தனிப்பட்ட தரவுதான். பதிவை எங்கே வைப்பீர்கள், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்ற மூன்றையும் ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள்.

ஆசிரியரிடம் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று விதி இருக்கும்போது 'நீங்கள் கிரியோல் பேசுவதைப் பதிவு செய்யலாமா' என்று போய் நின்றால், தன்மேல் புகார் எழுதப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அந்த அச்சம் நியாயமானது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, கடினமான கருத்தை நீங்கள் எப்படிப் புரிய வைக்கிறீர்கள் என்று படிக்க விரும்புகிறேன். உங்கள் பெயரோ பாடத்தின் பெயரோ வராது. எழுதி முடித்ததும் முதலில் உங்களிடம் காட்டுகிறேன். வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவேன்." சொன்னால் மட்டும் போதாது, அப்படியே நடக்க வேண்டும். சின்னத் தீவு இது. 'ரெடுயியில் நாணயக் கொள்கை நடத்தும் மூத்த பேராசிரியை' என்று எழுதினாலே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

வகுப்பில் ஒரு மாணவர் மறுத்தாலும் பதிவை எழுத்தாக மாற்றும்போது அவர் பேசும் இடங்களை விட்டுவிடுங்கள்.

படி 4: பதிவு

கைப்பேசியே போதும். ஆசிரியரின் மேசையில் வையுங்கள், ஏர் கண்டிஷனர் பக்கம் வேண்டாம். முதல் வகுப்பைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை நம்பாதீர்கள். கவனிக்கப்படாதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், ஆனால் கவனித்துத்தான் அறிய முடியும். மொழியியலாளர் வில்லியம் லபோவ் சுட்டிய இந்த முரண்பாட்டிலிருந்து யாரும் தப்ப முடியாது. இரண்டு மூன்று வகுப்புகள் போனதும் கைப்பேசியை மறந்துவிடுவார்கள்.

பதிவு ஓடும்போதே குறிப்பேட்டில் எழுதுங்கள்: பலகையில் என்ன எழுதினார், ஸ்லைடு எந்த மொழியில் இருந்தது, மாணவர்கள் எப்போது பேனாவை எடுத்தார்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஒலிப்பதிவில் பேனா கேட்காது.

படி 5: எழுத்தாக்கம்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஒரு மணி நேரப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும், பல மொழி கலந்தால் இன்னும் கூடும். அதனால் முழுவதையும் எழுதாதீர்கள். ஒருமுறை முழுக்கக் கேட்டு, மொழி மாறும் இடங்களை மட்டும் நேரத்தோடு குறித்து, அவற்றின் முன்னும் பின்னும் ஓரிரு நிமிடங்களை எழுதுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் தரும் ஈலான் என்ற இலவச மென்பொருள் இதற்கு மிகவும் உதவும். ஒலியையும் எழுத்தையும் நேரத்தோடு கோத்து வைக்கும்.

மாதிரிக்கு நானே அமைத்த ஒரு துண்டு. பொருளியல் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஆய்வேட்டில் கிரியோலை அதற்குரிய முறையான எழுத்திலேயே எழுதுங்கள்.

ஆசிரியர்: ஸோ, தி டிமாண்ட் ஃபார் ரைஸ் இஸ் இன்எலாஸ்டிக். (2 நொடி) சா வேதீர், ப்ரீ லா மோந்தே, மே திமூன் கொந்தின் ஆஸ்தே.
மாணவி: தெல்வில் ஒசி?
ஆசிரியர்: வி, தெல்வில் ஒசி. (1 நொடி) ஓகே, ரைட் திஸ் டவுன்.

விலை ஏறினாலும் ஜனங்கள் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று ஆசிரியர் கிரியோலில் விளக்குகிறார். எண்ணெயும் அப்படித்தானா என்று மாணவி கேட்கிறாள், ஆமாம் என்கிறார். இந்த மூன்று வரியை நிதானமாகப் பாருங்கள். வரையறை ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு நொடி யாரும் பேசவில்லை. கிரியோல் வந்ததும் கேள்வி வந்தது. அந்தக் கேள்வி வெறும் சந்தேகம் இல்லை. அரிசியில் சொன்னதை எண்ணெய்க்குப் பொருத்திப் பார்க்கிறாள், அதாவது கருத்தைப் பிடித்துவிட்டாள். ஆனால் 'எழுதிக்கொள்ளுங்கள்' என்றதும் மொழி மறுபடி ஆங்கிலம். புரிதல் நடந்த மொழி நோட்டுக்குள் வரவில்லை. தேர்வுக்கு அவள் படிக்கப் போவது அந்த நோட்டை.

இதைப் பார்த்தபின் அவளது நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கத் தோன்றும். தயங்காமல் கேளுங்கள். எண்ணெய் அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா?

படி 6: குறியிடல்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது செய்யும் வேலையைப் பெயராகக் கொடுங்கள்: வரையறை, எடுத்துக்காட்டு, புரிந்ததா என்று சோதித்தல், கண்டிப்பு, கலகலப்பு. பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள், தரவிலிருந்து வளரட்டும். ஏழெட்டுக் குறிகளுக்கு மேல் போனால் சிலவற்றைச் சேருங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கை ஒரு நண்பரிடம் கொடுத்துத் தனியாகக் குறியிடச் சொல்லுங்கள். இருவரும் வேறுபடும் இடங்களில் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் உங்கள் விளக்கம் தெளிவில்லாததுதான் காரணமாக இருக்கும்.

படி 7: நேர்காணல்

'ஏன்' என்று கேட்கும் நேரம் இப்போதுதான் வருகிறது. பதிவின் ஒரு துண்டை ஆசிரியருக்குப் போட்டுக் காட்டி, 'இங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள்' என்று மட்டும் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் 'நான் ஆங்கிலத்தில்தான் நடத்துகிறேன்' என்று சொல்பவர்கள்கூட, தங்கள் குரலைக் கேட்டதும் வேறு மாதிரி பேசத் தொடங்குவார்கள். மாணவர்களிடமும் அப்படியே செய்யுங்கள். ஐம்பது வினாப்படிவங்களில் கிடைக்காதது இப்படிப்பட்ட நாலு உரையாடல்களில் கிடைக்கும். நேர்காணல் எந்த மொழியில் நடந்தது என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.

படி 8: எழுதுதல்

முதலில் பகுப்பாய்வு இயலை எழுதுங்கள், முன்னுரையைக் கடைசியில். ஒவ்வொரு கூற்றுக்குப் பக்கத்திலும் ஒரு துண்டுத் தரவு நிற்க வேண்டும். 'கிரியோல் புரிதலுக்கு உதவுகிறது' என்று பொதுவாக எழுதாமல், 'இந்த வகுப்பில் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை கிரியோலில் வந்தன, மாணவர் கேள்விகளும் அவற்றை ஒட்டியே வந்தன' என்று எழுதுங்கள். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு நாட்டுக்கே தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைச்சொல் இல்லையே என்று தயங்காதீர்கள். தரவு, குறியிடல், நேர்காணல், பயிற்றுமொழி எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. இல்லாத இடத்தில் ஒரு வரியில் விளக்கிவிட்டு மேலே போங்கள்.

பின்னிணைப்பில் ஒப்புதல் படிவத்தின் மாதிரி, குறிகளின் பட்டியல், எழுத்தாக்கத்தில் பயன்படுத்திய அடையாளங்கள் ஆகியவற்றைச் சேருங்கள். ஒலிக்கோப்பை எந்தக் காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். படிவத்தில் எழுதிக் கொடுத்த தேதியில் அதைக் கைப்பேசியிலிருந்தும், கணினியிலிருந்தும், கூகுள் டிரைவிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.